சுவரில் கோடு போட்டுப் பிள்ளைகளை ஒதுக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கூடைப்பந்து பயிலும் பிள்ளைகள் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையில், 13 வயதிலேயே ஆறடியைத் தொட்ட ஒரு பையனை வருங்கால என்பிஏ (அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்) வீரன் என்று எழுதியிருந்தீர்கள். பையன் நன்றாக வரட்டும். ஆனால் அந்த வயதில் உயரத்தை வைத்து ஜாதகம் கணிப்பது சரியில்லை.

ஆண்பிள்ளைகள் கிடுகிடுவென வளர்வது சராசரியாக 14 வயதையொட்டி. சிலருக்கு 12-லேயே வந்துவிடும், சிலருக்கு 16 ஆகும். முந்தி வளர்ந்தவனுக்குப் பள்ளி ஆட்டங்களில் கையைத் தூக்கினாலே ரீபவுண்ட், அதாவது கூடையில் விழாமல் திரும்பும் பந்து, கிடைத்துவிடும். அதனால் அவனைக் கூடைக்கு அடியிலேயே நிறுத்திவிடுகிறோம். மற்றவர்களும் வளர்ந்து வந்தபிறகு பார்த்தால், அவனுக்குப் பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே ஓடவும் வராது, ஓடிக்கொண்டே பாஸ் கொடுக்கவும் வராது.

எங்கள் பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துத் தமிழ் மீடியம் பிள்ளைகளுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. ஒரு தேர்வு முகாமுக்கு என் மாணவன் ஒருவனை அழைத்துப் போயிருந்தேன். சுவரில் கோடு போட்டு, எட்டாதவர்களை முதலிலேயே அனுப்பிவிட்டார்கள். இவன் எப்படியோ தப்பினான். அப்புறம் பயிற்சியாளர் மலையாளமும் இங்கிலீஷும் கலந்து கடகடவென்று ஒரு டிரில் சொன்னார். பையனுக்கு மலையாளம் புரியும். ஆனால் விசிலுக்கும் கூச்சலுக்கும் நடுவே உடனே புரிய வேண்டுமே! கொஞ்சம் தடுமாறினான். 'பையன் மந்தம்' என்று சொல்லி முடித்துவிட்டார்கள்.

அவன் ஆட்டத்தை நின்று பார்த்திருக்க வேண்டும். பந்து கைக்கு வருமுன்பே தலையைத் திருப்பி, யார் எங்கே நிற்கிறார்கள் என்று பார்த்துவிடுவான். பந்தைப் பறிகொடுத்தால் நடுவரைப் பார்த்துக் கையை விரிக்க மாட்டான். அந்த நொடியே தடுக்கத் திரும்பி ஓடுவான். டேப்பை வைத்து இதையெல்லாம் அளக்க முடியுமா?

என்பிஏ அணிகள் ஆண்டுதோறும் புது வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும். அதில் ஏழடி இரண்டு அங்குல சத்னாம் சிங்கை 2015-இல் டல்லாஸ் அணி 52-வது ஆளாக எடுத்தது. என்பிஏ-வுக்குத் தேர்வான முதல் இந்தியர் அவர்தான். ஆனால் லீக் ஆட்டம் ஒன்றில்கூட இறங்கவில்லை. அதற்கு முந்தைய ஆண்டு 41-வதாக எடுக்கப்பட்ட செர்பியாவின் நிக்கோலா யோக்கிச்சும் நல்ல உயரம்தான், ஆனால் துள்ளிக் குதிக்கிற ஆள் இல்லை. அவர் மூன்று முறை லீக்கின் சிறந்த வீரர் விருதை வாங்கியது பந்தை எங்கே, எப்போது அனுப்புவது என்ற கணக்கால். அத்தனை வசதியுள்ள அமெரிக்கர்களுக்கே கணிப்பு தப்புகிறது, நாம் ஒரே காலையில் தீர்ப்பு எழுதிவிடுகிறோம்.

உயரத்தைப் பார்க்கவே வேண்டாம் என்று சொல்லவில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அளந்து எழுதி வையுங்கள். அப்பா அம்மா உயரத்தைக் கூட்டி, பையனென்றால் 13 செ.மீ. சேர்த்து, பெண்ணென்றால் கழித்து, இரண்டால் வகுத்தால் வளர்ந்தபின் எவ்வளவு உயரம் இருப்பார்கள் என்று ஓரளவு தெரியும். அதிலும் எட்டு, பத்து செ.மீ. வரை முன்பின் ஆகலாம். ஒரு புது அசைவைக் கற்றுக்கொடுத்து அனுப்பி, ஆறு மாதம் கழித்து மறுபடி கூப்பிட்டுப் பாருங்கள். நடுவில் எவ்வளவு கற்றிருக்கிறான் என்பதற்கு மார்க் போடுங்கள்.

அப்படியே, எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் வரும் முகாம்களில் தமிழ் தெரிந்த உடற்கல்வி ஆசிரியர் ஒருவரையாவது நிறுத்தச் சொல்லி எழுதுங்கள். இங்கே அப்படிப்பட்டவர்களுக்குப் பஞ்சமில்லை.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்.