தேஞ்ச பிளேட்டுதான் ஹிட்டு

தம்பி,

பாப்பாவோட ஸ்கூல் புராஜெக்ட்டுக்கு வாய்ஸ் மெசேஜ் போதும்னு சொன்னே, ஆனா நான் பேச ஆரம்பிச்சா எங்கே போய் நிக்கும்னு உனக்கே தெரியும், அதான் உக்காந்து டைப் பண்றேன். எழுத்துப்பிழை இருந்தா கண்டுக்காதே, இந்த கீபோர்டு நான் ஒண்ணு அடிச்சா அது ஒண்ணு போடுது.

ரெண்டாம் உலகப் போர் முடிஞ்ச உடனே வந்த ஹிட் பாட்டுங்கன்னு தலைப்பு குடுத்து, டீச்சர் அனுப்பின லிஸ்ட்ல பூரா அமெரிக்கா பாட்டும் இங்கிலாந்து பாட்டுமா இருக்கு, "நம்ம ஊர்ல அப்ப என்னம்மா கேட்டாங்க"ன்னு பாப்பா கேட்டுச்சுன்னு சொன்னே. நல்ல கேள்வி. அதுக்கு நீ என்ன பண்ணினே, "ஓல்ட் தமிழ் ஹிட்ஸ்"னு ஒரு பிளேலிஸ்ட்டைப் போட்டுக் குடுத்திருக்கே. அதுல முதல் பாட்டே பாலும் பழமும்! அது 1961 டா. சண்டை முடிஞ்சு பதினாறு வருஷம் கழிச்சு வந்தது. உனக்கு கறுப்பு வெள்ளையா இருந்தா எல்லாம் ஒரே காலம்.

நான் பொறந்தது 1950, அதனால அந்தப் பாட்டெல்லாம் வந்த புதுசுல நான் கேக்கலை. ஆனா உங்க தாத்தா மைக் செட் வச்சிருந்தார்ல, காரைக்குடியைச் சுத்தி எந்த ஊர்ல கல்யாணம் காதுகுத்துன்னாலும் அவர்தான், அந்தக் கிராமபோன் பிளேட்டெல்லாம் நான் பள்ளிக்கூடம் போற வரைக்கும் ஓடிக்கிட்டுத்தான் இருந்துச்சு. சண்டை முடிஞ்சு மிலிட்டரிக்காரங்க ஏலத்துல விட்ட சாமான்ல வந்த ஆம்ப்ளிஃபயர் ஒண்ணை யார்கிட்டயோ பேரம் பேசி வாங்கித்தான் தொழிலையே ஆரம்பிச்சாராம். கரண்ட் இல்லாத ஊருதானே நிறைய, அதனால கார் பேட்டரியைச் சைக்கிள் கேரியர்ல வச்சுக் கட்டிக்கிட்டுப் போவார். தட்டு சுத்துறதுக்குச் சாவி கொடுக்கணும், தட்டுலேருந்து ஒயர் ஆம்ப்ளிஃபயருக்கு, அங்கேருந்து தென்னமரத்து உச்சியில கட்டின குழாய் ஸ்பீக்கருக்கு. மரம் ஏற ஒரு பையன் தனியா.

பிளேட்டுன்னா இப்ப ஃபேஷனுக்கு வாங்குறீங்களே அந்த பெரிய லாங் பிளே இல்லை. பத்து இஞ்சு, அரக்குல பண்ணினது, நிமிஷத்துக்கு 78 சுத்து, ஒரு பக்கம் மூணு நிமிஷம் சொச்சம்தான் பாடும். கீழ போட்டா அப்பளம்தான். வெயில்ல வச்சா வளைஞ்சிரும், அப்புறம் ஊசி ஏறி ஏறி இறங்கும், பாட்டு ஆடும். தாத்தா ஒவ்வொரு பிளேட்டையும் உறையிலேருந்து எடுத்து ஓரத்தை மட்டும் உள்ளங்கையில பிடிச்சு, பழைய மல் வேட்டித் துணியால சுத்தித் துடைச்சு, அப்புறம்தான் வைப்பார். ஊசி எஃகு ஊசி, சின்ன தகர டப்பாவுல வரும், மூடியில நாய் படம் போட்டிருக்கும். ரெண்டு பக்கம் ஓடினா ஊசியைக் கழட்டி எறிஞ்சிரணும், இல்லாட்டி பள்ளத்தைச் சுரண்டிரும். ஊசியை மாத்தாம விடிய விடிய ஓட்டுற ஆளுங்களைப் பார்த்தா தாத்தாவுக்கு அப்படிக் கோவம் வரும்.

பாப்பாகிட்ட இதைச் சொல்லு. அவங்க டீச்சர் லிஸ்ட்ல எந்தப் பாட்டு எத்தனை வாரம் முதல் இடத்துல இருந்துச்சுன்னு கணக்கு இருக்கு. எங்க ஊர்ல அப்படி ஒரு கணக்கும் கிடையாது. எது ஹிட்டுன்னு தாத்தா பெட்டியைத் திறந்து பார்த்தாலே தெரிஞ்சிரும். அதிகம் கேட்ட பிளேட்டு கறுப்பு மினுமினுப்பு போயி சாம்பல் பூத்துக் கிடக்கும், பாட்டோட இரைச்சலும் சேந்து வரும். கேக்காத பிளேட்டு புதுசு மாதிரி பளபளன்னு இருக்கும், அதைத்தான் சொந்தக்காரங்க வீட்டு விசேஷத்துக்கு இலவசமா ஓட்டுவார்!

அப்படி சாம்பல் பூத்த பிளேட்டுல முதல்ல இருந்தது ஹரிதாஸ். படம் வந்தது 1944 தீபாவளிக்கு, சண்டை நடக்கும்போதே, ஆனா மெட்ராஸ் பிராட்வே தியேட்டர்ல மூணு தீபாவளியைப் பார்த்துச்சு, அதனால சண்டைக்குப் பிந்தின ஹிட்டுலயும் அதைச் சேக்கலாம். பாபநாசம் சிவன் எழுதின பாட்டு, தியாகராஜ பாகவதர் பாடினது. இதுல பெரிய கூத்து என்னன்னா, படம் வந்த கொஞ்ச நாள்லயே பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும், சினிமாக்காரங்களைப் பத்தி வம்பு எழுதின பத்திரிகைக்காரர் லட்சுமிகாந்தன் கொலை வழக்குல கைதாகி ஜெயிலுக்குப் போயிட்டாங்க. ஊரெல்லாம் அந்தப் படத்து மன்மத லீலை பாடுது, பாடின மனுஷன் உள்ள இருக்கார். கேஸ் லண்டன்ல இருந்த பிரிவி கவுன்சில்ங்கிற கடைசிக் கோர்ட்டு வரைக்கும் போய், 1947 ஏப்ரல்லதான் ரெண்டு பேரும் வெளிய வந்தாங்க. வந்து பாகவதர் எடுத்த ராஜமுக்தி எடுபடலை. குரல் போயிருச்சான்னா இல்லை, குரல் அப்படியேதான் இருந்துச்சு, ஜனங்க அதுக்குள்ள வேற பக்கம் திரும்பிட்டாங்க.

எங்கே திரும்பினாங்கங்கறதுதான் நான் பாப்பாவுக்குச் சொல்ல நினைக்கிற முக்கியமான விஷயம், இதை நல்லாக் கேட்டுக்கோ. அது வரைக்கும் நடிக்கணும்னா பாடத் தெரியணும். பாகவதர், பி.யு. சின்னப்பா, டி.ஆர். மகாலிங்கம் எல்லாம் நாடக மேடையில தொண்டை கிழியப் பாடி வந்தவங்க. சண்டை முடிஞ்ச அந்த ஏழெட்டு வருஷத்துலதான் முகம் ஒருத்தர் குரல் ஒருத்தர்ங்கிறது நம்ம ஊர்ல ஊன்றிச்சு. அதுக்கு முன்னாடியே ஒண்ணு ரெண்டு படத்துல பண்ணிப் பார்த்திருக்காங்க, ஆனா வழக்கமா ஆனது அப்பத்தான். 1945ல ஏவிஎம் செட்டியார் எடுத்த ஸ்ரீவள்ளி இருக்கே, அதுல கதாநாயகி ருக்மிணி தானே பாடித்தான் படம் முடிஞ்சிருக்கு, அந்தப் பாட்டு சரியா வரலைன்னு செட்டியாருக்குத் தோணி, பி.ஏ. பெரியநாயகியைக் கூட்டிட்டு வந்து பாட வச்சு, உதட்டசைவுக்குப் பொருத்தி மாத்திப் போட்டுட்டார். பெரியநாயகின்னு ஒரு பாட்டுக்காரி இருந்தாங்கன்னே இப்ப யாருக்குத் தெரியுது சொல்லு. எனக்கு அந்தக் காலத்துக் குரல்கள்ல ரொம்பப் பிடிச்சது அவங்க குரல்தான், லதா மங்கேஷ்கர் ஜானகி பேரைச் சொல்றவங்க ஒருதரம் இவங்களையும் தேடிக் கேக்கணும்.

அதே 1945ல மீரா. எம்.எஸ். சுப்புலட்சுமி, காற்றினிலே வரும் கீதம். எழுதினது கல்கி, மெட்டு எஸ்.வி. வெங்கட்ராமன், டைரக்டர் எல்லிஸ் டங்கன்னு ஒரு அமெரிக்காக்காரர், பாப்பாவோட டீச்சருக்கு இது பிடிக்கும், எழுதச் சொல்லு. அதுக்கப்புறம் இந்தியில மீராவை எடுத்தாங்க, அத்தோட எம்.எஸ். சினிமாவையே விட்டுட்டாங்க. அந்தப் பிளேட்டை தாத்தா கல்யாண வீட்டுல பொண்ணு அழைக்கிற நேரத்துக்குன்னு தனியா வச்சிருப்பார், மத்த நேரத்துல யார் கேட்டாலும் போட மாட்டார். காலையில முதல் பிளேட்டு மட்டும் எப்பவும் டி.என். ராஜரத்தினம் பிள்ளை நாதஸ்வரம், தோடி. நாதஸ்வரக்காரர் வர்றதுக்கு முந்தியே ஊருக்கு நாதஸ்வரம் கேட்டுரும்.

அடுத்தது நம்ம ஊர் கதை. சண்டைக் காலத்துக் கெடுபிடியால மெட்ராஸ்ல ஸ்டுடியோ நடத்த முடியாம ஏவிஎம் இங்கே வந்து, தேவகோட்டை ரஸ்தா பக்கம் கொட்டகை போட்டுப் படம் எடுத்தாங்க. அங்கே எடுத்ததுதான் நாம் இருவர், 1947 பொங்கலுக்கு ரிலீஸ். தாத்தா சைக்கிள்ல போய் வாசல்ல நின்னு பார்த்திருக்கார், உள்ள விடலையாம், ஜெனரேட்டர் சத்தம் மட்டும் கேட்டுச்சுன்னு சொல்வார். படத்துல பாரதியார் பாட்டு. ஆடுவோமே பள்ளுப் பாடுவோமே, ஆனந்த சுதந்திரம் அடைந்து விட்டோமென்று. யோசிச்சுப் பாரு, சுதந்திரம் வந்தது ஆகஸ்ட்ல, பாட்டு ஜனவரியிலயே அடைஞ்சு விட்டோம்னு பாடுது! பாரதியார் அதுக்கும் எத்தனையோ வருஷம் முன்னாடியே எழுதிட்டுப் போயிட்டார், அது வேற விஷயம். பாடினது டி.கே. பட்டம்மாள், திரையில ஆடினது குமாரி கமலா, சின்னப் பொண்ணு. பட்டம்மாள் சினிமாவுல காதல் பாட்டு பாட மாட்டேன்னு சொல்லிட்டாங்க, பக்திப் பாட்டும் தேசப் பாட்டும் மட்டும்தான். எம்.எஸ். ராஜேஸ்வரி பாடின மகான் காந்தி மகானும் இதுலதான். ஆகஸ்ட் 15 அன்னைக்கு எங்க தெருவுல இந்த ரெண்டு பிளேட்டையும் மாத்தி மாத்திப் போட்டுச் சாவி கொடுத்தே தாத்தாவுக்குக் கை வீங்கிருச்சாம். கொஞ்சம் கூட்டித்தான் சொல்லியிருப்பார், அவர் அப்படித்தான்.

பாரதி பாட்டோட உரிமை அப்ப செட்டியார்கிட்ட இருந்துச்சு. விலை குடுத்து வாங்கி வச்சிருந்தார். வேற படக்காரங்க போட்டா சண்டை வரும். அப்புறம் ஓமந்தூரார் முதல்வரா இருந்தப்ப 1949ல அரசாங்கம் வாங்கி, பின்னாடி பொதுவாக்கிட்டாங்க. இப்ப நீ யூடியூப்ல யார் வேணா பாடி ஏத்துறதைப் பார்க்குறேல்ல, அதுக்கு ஆரம்பம் அது.

1949ல வாழ்க்கை, வைஜயந்திமாலா முதல் படம், அதுல உன் கண் உன்னை ஏமாற்றினால். அதே வருஷம் சின்னப்பாவோட மங்கையர்க்கரசி, காதல் கனிரசமே. ஒண்ணு புதுசு, ஒண்ணு பழசு, ரெண்டும் ஒரே பந்தல்ல ஓடும். பெருசுங்க சின்னப்பா கேப்பாங்க, எளவட்டங்க வாழ்க்கை கேப்பாங்க, தாத்தா எந்தப் பக்கம் காசு அதிகம் வருதோ அந்தப் பக்கம். 1951ல சின்னப்பா போயிட்டார், முப்பத்தஞ்சு வயசு. பாடி நடிக்கிற காலம் அவரோட பாதி முடிஞ்சிருச்சுன்னுதான் நான் நினைக்கிறேன்.

அந்த வருஷங்கள்ல வந்த புதுக் குரல்களைப் பாரு. மதுரையிலேருந்து டி.எம். சௌந்தரராஜன், கிருஷ்ண விஜயத்துல முதல் பாட்டே அசல் பாகவதர் மாதிரிப் பாடியிருப்பார், கண்ணை மூடிக் கேட்டா பாகவதர்தான். கண்டசாலா, ஏ.எம். ராஜா, ஜிக்கி, லீலா. 1952 தீபாவளிக்கு பராசக்தி, சிவாஜிக்கு சி.எஸ். ஜெயராமன் குரல். அந்தப் படத்துல பாட்டைவிட வசனம்தான் பெரிய ஹிட்டு, வசனமே பிளேட்டா வந்து பந்தல்ல ஓடிச்சு, சாப்பாட்டுப் பந்தியில உக்காந்தவங்க கோர்ட் சீன் கேட்டுக்கிட்டே சாம்பார் ஊத்திச் சாப்பிடுவாங்க. அடுத்த வருஷம் தேவதாஸ், உலகே மாயம். அதுக்கு இசை போட்ட சி.ஆர். சுப்பராமன் படம் முடியுறதுக்குள்ள 1952லயே செத்துப் போயிட்டார், முப்பது வயசுகூட ஆகலை, மிச்சத்தை முடிச்சது அவர்கிட்ட வேலை பார்த்த விஸ்வநாதனும் ராமமூர்த்தியும். நீ பிளேலிஸ்ட்ல போட்ட பாலும் பழமும் அவங்க ரெண்டு பேரோடதுதான், ஆக நீ தப்பான வீட்டுக்குப் போனாலும் சரியான தெருவுலதான் போயிருக்கே.

கல்யாண வீட்டுல உலகே மாயம் போடக்கூடாதுன்னு தாத்தாவுக்கு ஒரு சட்டம். குடிச்சிட்டு யாராவது வந்து கேட்டா பிளேட்டு உடைஞ்சிருச்சுன்னுருவார்.

ரேடியோ என்னாச்சுன்னு நீ கேப்பே. திருச்சி ஸ்டேஷன் 1939லேருந்தே இருக்கு, ஆனா 1952ல கேஸ்கர்னு ஒருத்தர் மந்திரியா வந்து, சினிமாப் பாட்டு தரம் கெட்டதுன்னு ஆல் இந்தியா ரேடியோவுல கிட்டத்தட்ட நிறுத்தியே விட்டுட்டார். இந்தப் பக்கம் கச்சேரி, அந்தப் பக்கம் இலங்கை. சண்டைக் காலத்துல மவுண்ட்பேட்டன் படைக்கு ஒலிபரப்பு செய்ய வச்ச பெரிய டிரான்ஸ்மிட்டர் சண்டைக்கப்புறம் கொழும்புக்காரங்க கைக்கு வந்துச்சு, அதுல அவங்க நம்ம பாட்டையே நமக்குப் போட்டாங்க. கொழும்பு எங்க ஊருக்குத் திருச்சியைவிடத் தெளிவாக் கேக்கும். ரேடியோ இருக்கிற செட்டிவீட்டுத் திண்ணையில சாயங்காலம் கூட்டம் நிக்கும். கொழும்பு ரேடியோ அறிவிப்பாளர் மயில்வாகனன் குரல் எனக்கு இன்னும் காதுல இருக்கு, அது நான் நேரா கேட்டது. 1957ல ஆல் இந்தியா ரேடியோவோட விவித் பாரதி வந்தப்புறம்தான் இங்கேயும் கதவைத் திறந்தாங்க. நல்ல சங்கீதம் வளரணும்னு கேஸ்கர் நினைச்சதுல தப்பில்லைதான், ஆனா ஜனங்க காதுக்குப் பூட்டு போட்டா பக்கத்து வீட்டு சாவியை வாங்கித் திறந்துக்குவாங்கன்னு அவருக்குத் தோணலையே.

பாப்பா புராஜெக்ட்டுக்கு ஸ்ரீவள்ளியில பெரியநாயகி பாட்டு ஒண்ணு, மீரா ஒண்ணு, நாம் இருவர் ஒண்ணு, தேவதாஸ் ஒண்ணு, நாலு போதும். நாலையும் வரிசையா கேட்டா குரல் மாறுறது அதுக்கே புரியும். யூடியூப்ல ரீமிக்ஸ் எடுத்திராதே, இரைச்சலோட இருக்கிறதாப் பார்த்து எடு.

தாத்தா பெட்டி பரண்லதான் இருக்கு. பார்சல்ல அனுப்புன்னு மட்டும் கேக்காதே, போன தடவை உங்க அத்தை மதுரைக்குப் பஸ்ல கொண்டு போனதுல சின்னப்பா ரெண்டு துண்டாயிட்டார். மெஷின்ல ஸ்பிரிங் போயிருக்கு, செட்டிநாட்டு சாமான் விக்கிற தெருவுல ஒரு பெரியவர் சரி பண்ணுவாராம், அடுத்த வாரம் உங்கப்பாவை அனுப்புறேன். ஓடினா போன்ல பிடிச்சு அனுப்புறேன். ஊசி மட்டும் கிடைக்கலை, அங்கே பழைய சாமான் கடையில தகர டப்பா கண்ணுல பட்டா வாங்கி வை, சத்தம் அதிகமா வர்ற வகையா இருக்கணும், மெலிசு ஊசி வேண்டாம்.

அம்மா