கூச்சல் போட்டவர்களுக்கும் சேர்த்தே நன்றி

ஊர்ப் பொதுமக்களுக்கும், வெளியூர் அணிகளுக்கும், அவர்களோடு வேன் பிடித்து வந்த ரசிகர்களுக்கும் வணக்கம்.

கபடிப் போட்டி நல்லபடியாக முடிந்தது. பரிசுத்தொகையும் கோப்பையும் கொடுத்தவர்களுக்கு மேடையிலேயே பொன்னாடை போர்த்தியாயிற்று. மேடையில் பெயர் வாசிக்கப்படாதவர்களுக்காகத்தான் இந்த மடல். ஆடுகிற பிள்ளைகளின் காதில் வசைச்சொல் விழாமல் பார்த்துக்கொண்டவர்கள் அவர்கள். எப்படிச் சமாளித்தீர்கள் என்று பக்கத்து ஊர்க்காரர்கள் கேட்பதால், யார் என்ன செய்தார்கள் என்பதைக் கணக்கோடு எழுதுகிறோம்.

முதல் நன்றி கயிறு கட்டிய தம்பிகளுக்கு. ஆண்கள் களம் 13க்கு 10 மீட்டர். வழக்கமாக நாலு பக்கமும் 4 மீட்டர் விட்டுக் கயிறு கட்டுவார்கள். பக்கவாட்டில் அது போதும், கடைக்கோட்டுப் பக்கம் போதாது. அவுட்டான ஆட்டக்காரர்கள் உட்காரும் இடம் கடைக்கோட்டுக்கு 2 மீட்டர் பின்னால்தான் இருக்கிறது. 4 மீட்டரில் கயிறு கட்டினால் அவருக்கும் கூட்டத்துக்கும் நடுவே மிஞ்சுவது இரண்டே மீட்டர். மண் ஒட்டிய முழங்காலைக் கட்டிக்கொண்டு, மூச்சு வாங்க, தன் அணி பாயிண்ட் எடுத்துத் தன்னை உள்ளே கூப்பிடுமா என்று பார்த்துக்கொண்டிருப்பவரின் பிடரியில் போய் விழும், பின்னாலிருந்து சொல்லும் ஒவ்வொரு சொல்லும். எழுந்து போய் அடிக்கவும் முடியாது, காதைப் பொத்தவும் முடியாது. அந்தக் கோபத்தோடு உள்ளே போகிறவர் போடும் முதல் பிடி இடுப்புக்குப் போகாமல் கழுத்துக்குப் போகும். கைகலப்பு தொடங்குவது பெரும்பாலும் அங்கேதான்.

அதனால் தம்பிகள் கடைக்கோட்டுப் பக்கம் 6 மீட்டர் விட்டார்கள். மொத்தம் 25க்கு 18 மீட்டர், சுற்றளவு 86. இரண்டு மீட்டருக்கு ஒன்றாக 43 சவுக்குக் கம்பு, முழங்கால் உயரத்தில் ஒன்றும் இடுப்பு உயரத்தில் ஒன்றுமாக இரண்டு வரிசைக் கயிறு. 172 மீட்டர் தேவை. முடிச்சுக்கும் சேர்த்து 200 மீட்டர் வாங்கினால்தான் கடைசியில் இழுபறி இருக்காது. ஒற்றைக் கயிறு கட்டினால் சிறுவர்கள் அடியில் புகுந்து வருவார்கள், அவர்களைப் பிடிக்கிற சாக்கில் பெரியவர்களும் வந்துவிடுவார்கள். இன்னொன்று, எந்த அணியின் ரசிகர்களையும் கடைக்கோட்டுக்குப் பின்னால் உட்காரவைக்கவில்லை. இடைவேளைக்குப் பிறகு அணிகள் பக்கம் மாறும். முதல் பாதியில் நம்மவர் உட்கார்ந்த இடத்தில் அடுத்த பாதியில் எதிரணி உட்காரும். அந்த இரண்டு பக்கமும் பெரியவர்களுக்கும் பெண்களுக்கும் நாற்காலி போட்டு ஒதுக்கியது நல்ல யோசனை.

அடுத்து, கோடு போட்ட ஐயாவுக்கு. மண் களத்தில் பாதிச் சண்டை கோடு அழிவதால் வருகிறது. நடுக்கோட்டிலிருந்து 3.75 மீட்டரில், ரைடு போகிறவர் தாண்டியே ஆகவேண்டிய பால்க் கோடு, அதற்கு ஒரு மீட்டர் அப்பால், கூடுதல் பாயிண்ட் தரும் போனஸ் கோடு. எதிரணிப் பக்கம் பாடிக்கொண்டு நான்கு ரைடு போனாலே போனஸ் கோடு மண்ணோடு மண்ணாகிவிடும். எதிரணியில் ஆறு பேராவது களத்தில் நிற்க, ரைடரின் முன்கால் போனஸ் கோட்டைத் தாண்டி ஊன்றும்போது பின்கால் அந்தரத்தில் இருந்தால்தான் பாயிண்ட். பக்கவாட்டில் கோட்டுக்கு நேராக நிற்பவருக்கு மட்டுமே அது சரியாகத் தெரியும். நடுக்கோட்டுப் பக்கம் நிற்கும் முந்நூறு பேரும் சாய்வாகப் பார்த்துவிட்டு ‘போனஸ் போனஸ்’ என்று கத்துவார்கள். கோடும் இல்லை என்றால் நடுவர் என்ன சொன்னாலும் அது களவாணித்தனம்தான். ஐயா ஒவ்வொரு டைம் அவுட்டிலும், கிடைக்கிற 30 விநாடிக்குள், கயிறு பிடித்துச் சுண்ணாம்புத்தூளை 5 சென்டிமீட்டர் அகலத்துக்கு இழுத்துக்கொண்டே இருந்தார். ஒரு அணிக்குப் பாதிக்கு இரண்டு டைம் அவுட். அவருக்கு ஓய்வே கிடையாது.

மைக் பிடித்த அண்ணனுக்குத் தனி நன்றி. உள்ளதைச் சொன்னால், பல ஊர்களில் கேலியை ஆரம்பித்து வைப்பதே மைக்தான். ‘கோட்டை விட்டாரு பாருங்க, காலைல சாப்பிடலையா’ என்று அவர் ஒன்று சொன்னால் கூட்டம் ஒன்பது சொல்லும். அண்ணன் பனியன் எண்ணை மட்டுமே சொன்னார். பட்டப்பெயர் இல்லை, தெருப்பெயர் இல்லை. சர்ச்சை வந்த ஒவ்வொரு பாயிண்ட்டுக்கும், நடுவர் கை காட்டிய பிறகு, பத்து விநாடிக்குள் ஒரே வாக்கியத்தில் காரணம் சொன்னார்: ‘ஏழாம் எண் யாரையும் தொடாமல் லாபியில் கால் வைத்தார், அவுட்.’ தன் அபிப்பிராயத்தை எங்கேயும் சேர்க்கவில்லை. லாபி என்பது களத்தின் இரண்டு பக்கவாட்டு ஓரத்திலும் இருக்கும் பட்டை. அரையிறுதியில் இந்த லாபி விவகாரத்தில்தான் கூட்டம் எழுந்து நின்றது. தொடுவதற்கு முன்பு லாபி களம் இல்லை, தொட்ட பிறகு லாபியும் களம் என்று அவர் இரண்டு முறை நிதானமாகச் சொன்னதும் பாதிப் பேர் உட்கார்ந்துவிட்டார்கள். விதி குழப்பமானதுதான். 2023இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டு இறுதியில் இந்தியாவும் ஈரானும் 28-28 என்று நின்றபோது, இந்திய ரைடர் பவன் ஷெராவத் யாரையும் தொடாமல் லாபிக்குள் போன ஒரு ரைடுக்காக ஆட்டம் நெடுநேரம் நின்றுபோனது. சர்வதேச நடுவர்களே தடுமாறிய இடத்தில் நம் ஊர்க்காரர் கத்தியதில் அதிசயமில்லை.

மைக்செட் தம்பி, பெட்டி ஒலிபெருக்கிகளைத் தலைக்கு மேலே, கூட்டத்தைப் பார்த்துத் திருப்பி வைத்தார். களத்தைப் பார்த்து வைத்தால் ரைடர் ‘கபடி கபடி’ என்று பாடுவது நடுவருக்குக் கேட்காது. பாட்டு விட்டதா இல்லையா என்று அடுத்த தகராறு கிளம்பும். நுழைவாயிலில் பிளாஸ்டிக் விசில், பீப்பி எல்லாவற்றையும் வாங்கி வைத்து, முடிந்ததும் திருப்பிக் கொடுத்த அக்காமார்களுக்கும் நன்றி. கூட்டத்தில் ஒருவன் விசில் ஊதினால் ரைடர் ஆட்டம் நின்றதாக நினைத்துத் திரும்புவார், பிடிபடுவார். விரலை மடித்து அடிக்கிற விசிலை யாரும் பறிமுதல் செய்ய முடியாதே! அதற்காக நடுவர்கள் உள்ளே பட்டாணி இல்லாத, கூர்மையான ஒலியுள்ள விசில் வைத்திருந்தார்கள்.

பறைக் குழுவினர் செய்த காரியத்தை எத்தனை பேர் கவனித்தீர்கள் என்று தெரியவில்லை. ரைடு நடக்கும்போது ஒரு தட்டுகூடத் தட்டவில்லை. நடுவர்கள் கூடிப் பேசும் அந்த அரை நிமிடத்தில்தான் அடித்தார்கள். வசை பிறப்பது அந்த வெற்று நேரத்தில்தான். கால் ஆடத் தொடங்கிவிட்டால் வாய் தானாக அடங்கும்.

பார்வையாளர்கள் கத்தவே கூடாது என்று குழுவில் சிலர் சொன்னார்கள். மற்றவர்கள் ஒப்பவில்லை. சத்தம் இல்லாத கபடிக்கு ஊர் கூடாது. முன்னிலையில் இருக்கிற அணி, பால்க் கோட்டைத் தாண்டிவிட்டு மட்டும் திரும்பித் திரும்பி வந்து நேரத்தைக் கடத்தினால் ‘ஓ...’ என்று இழுப்பது பார்க்க வந்தவரின் உரிமை. அது ஆட்டத்தைப் பற்றிய கருத்து. தாயைப் பற்றியோ சாதியைப் பற்றியோ நிறத்தைப் பற்றியோ வந்தால் அது வேறு. அப்படி வாய் விட்ட மூன்று பேரை, அவர்கள் ஊர்ப் பெரியவர்களே தோளில் கைபோட்டு டீக்கடைக்கு அழைத்துப் போனார்கள். போலீஸ் வரவேண்டிய வேலை டீயோடு முடிந்தது. அந்தப் பெரியவர்களுக்குப் பெரிய கும்பிடு.

தோற்றுப்போன வெளியூர் அணி களத்தைச் சுற்றி வந்தபோது எழுந்து நின்று கைதட்டியவர்களுக்கு என்ன சொல்வது? 1999 ஜனவரி 31 அன்று, டெண்டுல்கர் 136 அடித்தும் 12 ரன்னில் தோற்ற துக்கத்திலும் பாகிஸ்தானுக்கு எழுந்து நின்று கைதட்டிய சேப்பாக்கத்தின் பிள்ளைகள்தானே நீங்களும். 2024 ஏப்ரலில் வான்கடேயில் ஹர்திக் பாண்டியாவைப் பார்த்து ஊளையிட்ட கூட்டம், உலகக்கோப்பையோடு வந்ததும் ஜூலையில் அதே மைதானத்தில் அவர் பெயரைச் சொல்லிக் கூவியது. நம் கூட்டத்துக்கு அந்தச் சங்கடம் வரவில்லை.

தண்ணீர் பாட்டில் விற்காமல் 20 லிட்டர் கேனும் டம்ளரும் வைத்த கடைக்காரர்கள், முந்தின நாள் களத்தைச் சுற்றிக் கிடந்த ஜல்லியைப் பொறுக்கி அள்ளிய பள்ளிப் பிள்ளைகள், எல்லோருக்கும் நன்றி. எறிவதற்குக் கையில் எதுவும் சிக்கவில்லை.

வரவு செலவுக் கணக்கு நூலகப் பலகையில் ஒட்டப்பட்டிருக்கிறது. சவுக்குக் கம்புகள் சரியாக 43 திரும்பிவிட்டன. ஸ்கோர் பலகையின் 8ஆம் எண் அட்டை மட்டும் காணவில்லை. நினைவுக்காக எடுத்துப் போனவர் தயவுசெய்து நூலகத்தில் கொடுத்துவிடவும்.

இப்படிக்கு,
போட்டிக் குழுவினர்