தெருமரத்தின் வேர் உடைத்த குழாய்க்கு யார் பொறுப்பு?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

சாலையோரத்தில் உள்ளாட்சி அமைப்புகள் நட்டு வளர்க்கும் மரங்களின் வேர்கள், அருகிலுள்ள வீடுகளின் கழிவுநீர்க் குழாய்களுக்குள் புகுந்து அவற்றை உடைத்துவிடும்போது, சீர்செய்யும் செலவில் ஒரு பங்கை அந்த உள்ளாட்சியே மானியமாக ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பது என் கோரிக்கை. மரங்களின் மேல் எனக்கு எந்தப் பகையும் இல்லை. சொல்லப்போனால், மரம் பிழைத்துக் கிடக்க வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

குமரி மாவட்டத்து நகர்ப்பகுதி ஒன்றில், 1988-இல் கட்டிய வீட்டில் நாங்கள் குடியிருக்கிறோம். காம்பவுண்டுச் சுவருக்கு வெளியே, தார்ச்சாலையின் ஓரத்தில் தூங்குமூஞ்சி மரம் ஒன்று நிற்கிறது. எங்கள் வீட்டுப் பக்கம் வெயிலுக்கு ஒதுங்க இருக்கும் ஒரே நிழல் அதுதான். கடந்த ஆனி மாதம் தென்மேற்குப் பருவமழை வலுத்திருந்த ஒரு நாள் காலையில், குளியலறையில் ஊற்றிய தண்ணீர் இறங்காமல் நின்றது. மாலைக்குள் கழிவறையிலும் நீர் மேலேறி வந்தது. குழாய் வேலை பார்ப்பவர் வந்து நீளக் கம்பியைச் செலுத்திப் பார்த்தார். முன்முற்றத்துச் செப்டிக் டேங்குக்கு இரண்டு அடி முன்பாகவே கம்பி மெத்தென்று எதிலோ முட்டி நின்றுவிட்டது. தரை ஓடுகளைப் பெயர்த்து மூன்றடி ஆழம் தோண்டியபோது, இரண்டடி நீளச் சுட்ட மண் குழாய்களைச் சிமெண்டுக் கலவையால் இணைத்துப் பதித்த பழைய வரிசை வெளிப்பட்டது. இணைப்பு ஒன்றில் தலைமுடி அளவே விரிசல். அதன் வழியாக ஈர்க்குப் பருமனில் நுழைந்திருந்த வேர், உள்ளே போனதும் ஆயிரம் கிளையாகப் பிரிந்து குழாயை முழுவதும் அடைத்திருந்தது. வெளியே இழுத்துப் போட்டபோது நனைந்த தேங்காய்த் தும்பைப் போல இருந்தது. குழாயின் அச்சில் வார்த்து எடுத்ததுபோல அது உருண்டையாகவே கிடந்ததும், அதற்குள் சோப்பு அழுக்கும் முடியும் சோற்றுப் பருக்கையும் பின்னிக் கிடந்ததும் இன்னும் கண்ணில் நிற்கின்றன. “வெளியில நிக்கிற மரத்துக்க வேராக்கும் சாரே, வெட்டிவிட்டாலும் அடுத்த வருசம் வரும்” என்றார் அவர். தரை ஓடுகளை மறுபடி பதித்தது உட்பட எனக்கு 34,500 ரூபாய் செலவாயிற்று.

இதன் பிறகு, சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்கு மூன்று முறை நடந்தேன். மரம் தங்கள் பிரிவின் கீழ் வராது என்றது ஒரு பிரிவு. குழாய் சுவருக்கு உள்ளே இருப்பதால் அது உங்கள் சொந்தப் பிரச்சினை என்றது மற்றொரு பிரிவு. மரத்தை வெட்டித் தரும்படி நான் கேட்கவில்லை. அப்படிக் கேட்டிருந்தால் வாங்கிக்கொள்ளத் தனி விண்ணப்பப் படிவமே இருந்தது என்பதுதான் வேடிக்கை. அரசு நிலத்து மரத்தை வெட்டுவதற்கு மாவட்டப் பசுமைக் குழுவின் ஒப்புதல் வேண்டும் என்ற நடைமுறை மிகச் சரியானது. ஆனால் அடிமரத்தைக் காக்க ஒரு குழு இருக்கும்போது, அதே மரத்தின் வேர் செய்யும் வேலைக்கு எந்த மேசையிலும் பதில் இல்லாமலிருப்பது எப்படிச் சரியாகும்?

வேரைக் குற்றம் சொல்வதில் பொருளில்லை. ஈரமும் காற்றும் எங்கே கிடைக்கின்றனவோ அந்தப் பக்கம் அது போகிறது. இணைப்பில் கசியும் குழாயைச் சுற்றியுள்ள மண் கோடையிலும் ஈரமாக இருப்பதால், மழையற்ற மாதங்களில் வேர் அங்கேதான் வந்து சேரும். மழைக்காலத்தில் நீரின் அளவு கூடும்போதுதான் அடைப்பு நமக்குத் தெரியவரும். எங்கள் தெருவில் அந்த வேரை வீட்டுப் பக்கம் விரட்டியதில் சாலைப் பணிக்கும் பங்கு உண்டு என்பது என் கணிப்பு. சில ஆண்டுகளுக்கு முன் சாலையோர ஓடையைக் கான்கிரீட்டில் கட்டியபோது, ஒரு பக்கத்து வேர்களைப் பொக்லைனால் அறுத்து, அடிமரத்தைத் தொட்டபடி காரை போட்டுவிட்டார்கள். மழை எவ்வளவு பெய்தாலும் அந்த மரத்தின் காலடியில் ஒரு குடம் தண்ணீர் இறங்க வழியில்லை. தலைநகர் தில்லியில் மரங்களைச் சுற்றி ஒரு மீட்டர் அளவுக்குக் கான்கிரீட்டை அகற்ற வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013-ஆம் ஆண்டிலேயே உத்தரவிட்டது. அதே அளவு இடைவெளியை இங்கும் விட்டிருந்தால், எங்கள் வேர் இவ்வளவு தூரம் அலைந்திருக்காது என்று நினைக்கிறேன்.

செலவு முழுவதும் வீட்டுக்காரர் தலையிலேயே விழும்போது அவர் என்ன செய்கிறார் என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். குழாயை மாற்ற முப்பதாயிரம் ரூபாய் ஆகும். மரத்தைக் கொல்ல நூறு ரூபாய் போதும். நம் மாவட்டத்தில் தென்னைக் குருத்தழுகலுக்கும் மிளகுக் கொடி வாட்டத்துக்கும் போர்டோ கலவை என்ற பூஞ்சைக்கொல்லி தயாரிக்கத் துரிசு (செம்பு கலந்த மயில்துத்தம்) வாங்கி வைத்திராத தோட்டக்காரர் குறைவு. அந்தத் துரிசையே கரைத்துக் கழிவறைக் குழாயில் ஊற்றுகிறார்கள். ஆசிட் ஊற்றுகிறார்கள். அடிமரத்தில் துளையிட்டுப் பெருங்காயம் வைத்தால் பட்டுப்போகும் என்று நம்பி அதையும் செய்கிறார்கள். துரிசு வேரின் நுனியைக் கருக்கும் என்பது உண்மைதான். ஆனால் அது செப்டிக் டேங்கில் மலத்தைச் செரிக்கும் நுண்ணுயிர்களையும் சேர்த்தே கொல்கிறது. உறைக்குழி வழியாக மண்ணில் இறங்கும் செம்பு, பத்தடிக்கு அப்பாலுள்ள கிணற்றை எட்டாது என்று யாராலும் உறுதி கூற இயலாது. நம் ஊர்களில் ஒரே வளவுக்குள் கிணறும் செப்டிக் டேங்கும் இருக்கும் வீடுகள் எத்தனையோ இருக்கின்றன.

வேரை வெட்டிவிட்டுப் பேசாமலிருப்பதும் தீர்வாகாது. 2017 நவம்பர் இறுதியில் ஓகி புயல் வீசிய மறுநாள் காலை நம் மாவட்டச் சாலைகள் எப்படிக் கிடந்தன என்பதை மறந்தவர் இருக்க மாட்டார். ஒரு பக்கத்து வேரை இழந்த மரம் காற்றில் எந்தப் பக்கம் சாயும் என்பதைக் கணக்கிடத் தாவரவியல் படித்திருக்க வேண்டியதில்லை. எங்கள் மரத்துக்கு ஓடைப் பக்கத்து வேர் ஏற்கெனவே போய்விட்டது. வீட்டுப் பக்கத்து வேரையும் நான் அறுத்தால், அடுத்த புயலில் அது என் வீட்டு ஓட்டின் மேலோ மின்கம்பியின் மேலோ விழும்.

இன்னொரு ஆபத்தும் இதில் இருக்கிறது. வேர் செப்டிக் டேங்கின் சுவரைப் பிளந்து உள்ளே போய்விட்டால், அதை அறுத்தெடுக்க ஆளை இறக்கும் வழக்கம் சில இடங்களில் இன்றும் தொடர்கிறது. கையால் மலம் அள்ளும் வேலையைத் தடைசெய்யும் 2013-ஆம் ஆண்டின் சட்டப்படி இது உள்ளாட்சிக்கு மட்டுமல்லாமல் தனிநபருக்கும் தடை செய்யப்பட்ட செயலாகும். முதல் முறைக்கே 2 ஆண்டு வரை சிறையும் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்க இடமுண்டு. கழிவுநீர்ச் சாக்கடையில் இறங்கி உயிரிழப்போரின் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க வேண்டும் என்று உச்சநீதிமன்றம் 2023 அக்டோபரில் கூறியிருக்கிறது. இயந்திரத்துக்குக் கொடுக்கப் பணமில்லாத வீட்டுக்காரர், மலிவாகக் கிடைக்கும் மனிதரைத் தேடிப் போகிறார் என்பதே நடைமுறை. மானியத் தொகையை இயந்திரத்தால் செய்த வேலைக்கு மட்டுமே தருவது என்று வைத்தால், அந்தத் தேடலும் குறையும்.

கனடாவின் டொரன்டோ நகரில், நகராட்சிக்குச் சொந்தமான மரத்தின் வேரால் வீட்டுக் கழிவுநீர்க் குழாய் சேதமடைந்தால் உரிமையாளருக்கு மானியம் தரும் ஏற்பாடு உண்டு. அங்குள்ள வருமானமும் குழாய் அமைப்பும் வேறு. அதை அப்படியே எடுத்துவர முடியாது. ஆனாலும் அதிலுள்ள நியாயம் எளிமையானது: மரம் பொதுச்சொத்து என்றால், அதன் நிழல் பொது என்பதுபோல அதன் வேரும் பொதுதான்.

முழுத் தொகையையும் நான் கேட்கவில்லை. என் குழாய் பழையது. அதன் சிமெண்டு இணைப்பு உறுதியாக இருந்திருந்தால் வேர் நுழைந்திருக்க முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆகவே ஓர் உச்சவரம்புக்கு உட்பட்டுப் பாதிச் செலவு என்பது நேர்மையான பங்கீடாக இருக்கும். குழியை மூடுவதற்கு முன் உதவிப் பொறியாளர் ஒருவர் வந்து, வேர் எந்த மரத்துடையது, அந்த மரம் யார் நிலத்தில் நிற்கிறது என்று பார்த்துக் குறித்துக்கொண்டால் போதும். கழிவறை அடைத்துக்கொண்ட வீட்டில் பத்து நாள் காத்திருக்க இயலாது என்பதால், மூன்று நாளுக்குள் அவர் வராவிட்டால் கைப்பேசியில் எடுத்த படங்களையே சான்றாக ஏற்க வேண்டும். பழைய மண் குழாயை அப்படியே ஒட்டுப்போடுவதற்குப் பணம் தரக்கூடாது; பசையிட்டு இணைத்த பிவிசி குழாயாக வரிசை முழுவதையும் மாற்றுவோருக்கே தர வேண்டும். மரத்துக்குக் கேடு செய்தவர் என்று தெரிந்தால் அந்த வீட்டுக்கு மானியம் இல்லை என்ற ஒரு வரி, பத்து அறிவிப்புப் பலகைகளைவிடக் கூடுதலாக வேலை செய்யும். அண்டை வீட்டு மரத்தின் வேர் பற்றிய தகராறுகளை இதனோடு சேர்க்க வேண்டாம், அவை தனிவழக்குகள்.

பணத்துக்கு எங்கே போவது என்று கேட்பார்கள். 2022-இல் சொத்துவரி மறுசீரமைக்கப்பட்டபோது, 600 சதுர அடிக்குள் இருக்கும் வீட்டுக்கு 25 விழுக்காடும், 1,800 சதுர அடிக்கு மேற்பட்ட வீட்டுக்கு 100 விழுக்காடும் கூடியதை நாம் முணுமுணுத்துக்கொண்டே கட்டத்தான் செய்தோம். மாநிலத்தின் பசுமைப் பரப்பை 33 விழுக்காடாக உயர்த்தும் பசுமைத் தமிழ்நாடு இயக்கம் 2022 செப்டம்பரில் தொடங்கப்பட்டு, மரக்கன்றுகள் தெருத்தெருவாக நடப்படுகின்றன. கன்றுக்கும் கூண்டுக்கும் ஒதுக்கும் தொகையோடு, அந்த மரம் வளர்ந்த பின் வரும் செலவுக்கும் ஒரு சிறு நிதித் தலைப்பைத் திறந்து வைப்பது நல்ல கணக்கு வழக்கமாகத்தான் இருக்கும். குறுகலான தெருவில் ஆலும் அரசும் அத்தியும் நடுவதை நிறுத்தி, சரக்கொன்றை, மந்தாரை போன்றவற்றைக் குழாய் வரிசைக்குச் சில அடி தள்ளி நட்டால், அந்தத் தலைப்பில் பணம் மிச்சப்படவும் செய்யும். பாதாளச் சாக்கடை இணைப்புக்காக வீட்டு முற்றங்கள் தோண்டப்படும் இடங்களில், பழைய மண் குழாய் எங்கே இருக்கிறது, எந்த மரம் எவ்வளவு அருகில் நிற்கிறது என்பதை அப்போதே குறித்துக்கொள்வதற்குத் தனிச் செலவும் இல்லை.

இக்கடிதத்தை நான் எழுதத் துணிந்ததற்கு உடனடிக் காரணம் எங்கள் தெருவின் கடைசி வீட்டுக்காரர். அவர் வீட்டிலும் சென்ற மாதம் குழாய் அடைத்துக்கொண்டது. எதிரே நிற்பது என் வயதையொத்த புளியமரம். கடையிலிருந்து ஒரு கிலோ துரிசு வாங்கிவந்து, எவ்வளவு தண்ணீரில் கரைக்க வேண்டும் என்று என்னிடமே விவரம் கேட்டார். வடகிழக்குப் பருவமழை முடியும்வரையாவது பொறுத்திருங்கள், பத்திரிகைக்கு எழுதிப் பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். பொட்டலம் அவர் வீட்டுத் திண்ணையில் பிரிக்கப்படாமல் இருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் நீண்டகால வாசகர்,
ஓய்வுபெற்ற ஆசிரியர்,
கன்னியாகுமரி மாவட்டம்.