பெங்களூரில் வாடகைக்கு விட வீடு வாங்குவோர் கவனத்துக்கு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஈரோட்டிலும் சேலத்திலும் இருந்துகொண்டே பெங்களூரில் அடுக்குமாடி வீடு வாங்கி வாடகைக்கு விடலாம் என்ற எண்ணம் இங்கே பலருக்கும் உண்டு. அது தவறான எண்ணமல்ல. ஒயிட்ஃபீல்டு, சர்ஜாபூர் சாலை போன்ற பகுதிகளில் குடித்தனக்காரர் கிடைப்பது பெரிய சிரமமில்லை. வீட்டின் விலையும் ஏறியே வந்திருக்கிறது. ஆனால், விளம்பரத்தில் காணும் வாடகை முழுவதும் கைக்கு வந்து சேர்வதில்லை.

80 லட்சம் ரூபாய் வீடு மாதம் 25,000 ரூபாய்க்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆண்டு வாடகை 3 லட்சம். குடித்தனம் மாறும்போது பூட்டிக் கிடக்கும் ஒரு மாதம், தரகருக்கு ஒரு மாத வாடகை, சதுர அடிக்கு மாதம் 4 ரூபாய் வீதம் 1,200 சதுர அடிக்கான ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம் 57,600, சொத்து வரிக்கு ஒரு 10,000 எனக் கழித்தால் மிஞ்சுவது 1,82,400 ரூபாய்; போட்ட முதலுக்கு இது 2.3 சதவீதம்கூட இல்லை. குழாய் ஒழுகினால் உள்ளூரில் நாமே ஆளைக் கூட்டிப்போய்ப் பக்கத்தில் நின்று சரிசெய்துவிடலாம். அங்கே அதற்கும் ஒருவருக்குக் கூலி கொடுத்து, அவர் அனுப்பும் பில்லை நம்பியாக வேண்டும். குடித்தனக்காரரோடு வழக்கு என்று வந்தாலோ, சொத்து இருக்கும் ஊரின் நீதிமன்றத்துக்கே அலைய வேண்டும்.

கடனில் வாங்குவோர் நிலை இன்னும் நெருக்கடியானது. 60 லட்சத்துக்கு 8.5 சதவீதம் என்றால் முதல் ஆண்டு வட்டியே 5 லட்சத்தைத் தொடும். வட்டி வாடகையை மிஞ்சுவதால் ஏற்படும் நஷ்டத்தைச் சம்பள வருமானத்தில் கழித்துக்கொள்ளும் சலுகை, பழைய வருமான வரி முறையில் ஆண்டுக்கு 2 லட்சம் ரூபாய் வரைதான். புதிய முறையில் அதுவும் கிடையாது. விற்பனைப் பிரதிநிதிகள் இதைத் தாமாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

பட்டாவும் வில்லங்கச் சான்றும் பார்த்துப் பழகிய நமக்கு அங்குள்ள 'கட்டா', அதாவது உள்ளாட்சி அமைப்பின் சொத்து வரிப் பதிவு, புதிது. விதிமுறைப்படி அமையாத மனைகளும் கட்டடங்களும் 'பி கட்டா'வில் இருக்கும். அவற்றுக்கு வங்கிக் கடன் கிடைப்பது அரிது. குடியேறத் தகுதியானது என்று உள்ளாட்சி அமைப்பு தரும் ஓ.சி. சான்று பெற்ற பிறகே கட்டடங்களுக்கு மின், குடிநீர் இணைப்பு தர வேண்டும் என்று 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றமும் கூறிவிட்டது. தண்ணீரைப் பற்றியும் கேட்டுக்கொள்வது நல்லது; 2024 கோடையில் ஆழ்துளைக் கிணறுகள் வற்றி, பல குடியிருப்புகள் லாரித் தண்ணீரை நம்பியிருந்தது நினைவிருக்கலாம்.

மகனோ மகளோ அங்கேயே குடியிருந்து பார்த்துக்கொள்வார்கள் என்றால் தாராளமாக வாங்கலாம். அப்படி யாரும் இல்லாதவர்கள், அதிலும் ஓய்வுக்காலப் பணம் முழுவதையும் ஒரே வீட்டில் போட நினைப்பவர்கள், தவிர்ப்பதே நல்லது என்பது என் கருத்து. தங்கள் நாளிதழின் ரியல் எஸ்டேட் பக்கத்தில் வெளிமாநில வீடுகளைப் பற்றி எழுதும்போது, விலை, வாடகையோடு பராமரிப்புக் கட்டணம், கட்டா வகை, ஓ.சி. விவரம் ஆகியவற்றையும் சேர்த்து வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வங்கி அலுவலர் ஒருவர், ஈரோடு.