97, 79 ஆனபோது

ஆசிரியருக்கு,

வணக்கம். கடந்த இதழின் கணிதப் பக்கத்தில், கணித அறிஞர் ஃபெர்மா பகா எண் என்று நம்பிய 4294967279-ஐ 641 மீதியில்லாமல் வகுக்கும் என்று போட்டிருந்தீர்கள். தாளை எடுத்து வகுத்துப் பார்த்தேன். 623 மீதி வந்தது. நான்தான் எங்கோ தவறிவிட்டேன் என்று மறுபடி போட்டேன், அதே 623. அப்புறம்தான் உறைத்தது, கடைசி இரண்டு இலக்கங்கள் இடம் மாறிவிட்டன. 32 இரண்டுகளைப் பெருக்கி 1 கூட்டினால் வருவது 4294967297. இதை 641-ஆல் வகுத்தால் ஈவு 6700417, மீதி இல்லை.

வேடிக்கை என்னவென்றால், நீங்கள் தவறாக அச்சிட்ட எண் உண்மையிலேயே பகா எண்! பாவம் ஃபெர்மா.

அச்சுப்பிழை போகட்டும். கணித மேதை ஆய்லர் 1732-இல் அசுரத்தனமாகக் கணக்குப் போட்டு 641-ஐப் பிடித்தார் என்ற வரிதான் எனக்குச் செரிக்கவில்லை. 4294967297-ஐ வகுக்கும் எந்தப் பகா எண்ணும் 64-இன் மடங்கைவிட 1 கூடுதலாகத்தான் இருக்கும். ஆய்லரே பின்னாளில் இதை நிறுவியும் காட்டினார். அப்படியானால் 3, 7, 11 என்று வரிசையாக வகுத்துக்கொண்டு போக வேண்டியதே இல்லை. 65, 129 இரண்டும் பகா எண்கள் அல்ல, தள்ளிவிடலாம். 193 வகுக்காது. 257-உம் வகுக்காது. 321, 385 தள்ளுபடி. 449 இல்லை, 513 தள்ளுபடி, 577-உம் இல்லை. அடுத்தது 641. ஆக, ஐந்தே வகுத்தலில் ஆள் அகப்பட்டுவிடுகிறது. 6700417-இலும் 1-ஐக் கழித்து 64-ஆல் வகுத்துப் பாருங்கள், மீதி வராது.

வகுக்காமலே இது பகு எண் என்று காட்டவும் வழி உண்டு. ஒரு பகா எண்ணை இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக எழுத முடிந்தால், ஒரே ஒரு விதமாகத்தான் எழுத முடியும். நம் எண்ணோ 65536-இன் வர்க்கமும் 1-உம் சேர்ந்தது; 62264, 20449 இவற்றின் வர்க்கங்களைக் கூட்டினாலும் அதுவே வருகிறது. அந்த 20449-உம் சும்மா இல்லை, 143-இன் வர்க்கம்.

திருத்தம் வெளியிடுவதானால், அச்சுக்கு அனுப்பும் முன் 641-ஆல் ஒருமுறை வகுத்துப் பார்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
கணக்குப் போட்டுப் பார்த்த வாசகர்