வழக்குப் போடுமுன் இதை வாசி

சுன்னாகம்
23.11.2025

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் அம்மாவும் சுகம். மூன்று கிழமையாய் உன் குரலைக் கேட்கவில்லை. ஒரு கும்பிடு படமும் 'வேலை கூட' என்ற இரண்டு சொல்லும் வந்தால் போதுமென்று நினைக்கிறாய் போல. சரி, இந்தக் குளிரில் இரண்டு வேலை செய்கிற பிள்ளையைக் குறை சொல்லி என்ன. கனடாவில், ஸ்காபரோவில் தனியப் பேஸ்மென்றில் இருந்துகொண்டு, மருமகனைக் கூப்பிட ஸ்பொன்சர் காசையும் கட்டி, லோயரையும் நீயே தேடிப் பிடித்திருக்கிறாய். சின்ன மாமாவிடம் சொன்னபோது அவருக்குப் பேச்சே வரவில்லை.

லோயர் எழுதித் தந்ததை நீ வட்ஸ்அப்பில் போட்டாய் அல்லவா, அதைக் கடையில் பிரிண்ட் எடுத்து மூன்று தரம் வாசித்தேன். சமஷ்டி நீதிமன்றத்தில் மண்டாமஸ், அதாவது முடிவைச் சொல்லச் சொல்லி விசாக் கந்தோருக்கு ஒரு கட்டளை, கேட்கலாம், நீதிமன்றக் கட்டணம் 50 டொலர்தான், லோயருக்குத்தான் பெரிய காசு என்று விளங்குகிறது. காசுக்கு யோசிக்காதே. தோட்டக் காணி இருக்கிறது. ஆனால் அவசரப்படாதே.

நான் 31 வருடம் கச்சேரியில், அரசாங்கக் கந்தோரில், இலிகிதராய் இருந்தவன். மேலிடத்திலிருந்து 'இந்தக் கோவை ஏன் கிடக்கிறது' என்று கடிதம் வந்தால் என்ன செய்வோம் தெரியுமா? கட்டை அவிழ்த்து முதல் தாளிலிருந்து ஒவ்வொன்றாய்ப் பார்ப்போம். யாரும் கேட்காத வரைக்கும் எங்கள் கண்ணில் படாத பிழையெல்லாம் அன்றைக்குத்தான் தெரியும். உங்கள் நாட்டுக் கந்தோரும் கந்தோர்தானே. நீதிமன்றம் 'முடிவு சொல்' என்று மட்டும்தான் சொல்லுமாம், 'விசா கொடு' என்று சொல்லாதாம். லோயரே அப்படித்தான் எழுதியிருக்கிறார். கிடக்கிற கோவையைக் கிளப்பி, அவர்கள் 'இல்லை' என்று முடித்துவிட்டால்?

பன்னிரண்டு மாதம் என்று சொல்லி முப்பது மாதம் ஆகிவிட்டது, எனக்கும் தெரியும். மருமகன் மெடிக்கலை இரண்டாம் தரமும் செய்து அதுவும் காலாவதியாகப் போகிறது. 5 டொலர் கட்டி நீ எடுத்த கோவைக் குறிப்பிலும் 'பாதுகாப்புச் சோதனை நடக்கிறது' என்ற ஒரு வரிதான். கோபம் வரத்தான் செய்யும். ஆனாலும் பொங்கல் மட்டும் பார்ப்போமே. அவசரப்படாதே மகள்.

மருமகன் ஞாயிறு தவறாமல் வருகிறார். இன்றைக்கும் முருங்கைக்காய்க் கட்டோடு வந்தார். என் சீனி வருத்தத்துக்கு மருந்து முடிந்ததா என்று கேட்டார். உன் பெயரை எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. நீங்கள் இரண்டு பேரும் கதைக்கிறீர்களா? அம்மாதான் கேட்கச் சொன்னா. கிணற்றடியில் கைகழுவப் போனவர் வாளியைப் பிடித்தபடி கனநேரம் நின்றார்.

அந்தத் தாளுக்குத் திரும்ப வருகிறேன். 1998 ஆம் ஆண்டு கொனில் என்பவரின் வழக்கில் சொன்ன மூன்று விஷயத்தை லோயர் எழுதியிருக்கிறார். அதுவும் பாதுகாப்பு விசாரணை என்று இழுத்த வழக்காம். வேலைக்குத் தேவையானதை விடக் கூட நாள் எடுத்திருக்க வேண்டும். கந்தோரிடம் சரியான காரணம் இருக்கக் கூடாது. நடுவில் ஒன்று: தாமதத்துக்கு விண்ணப்பித்தவர் பொறுப்பாய் இருக்கக் கூடாது. அந்த வரிக்குக் கீழே நீ கோடு போட்டு 'எங்களில் ஒரு பிழையும் இல்லை' என்று எழுதியிருக்கிறாய். அதைப் பார்த்த நாளிலிருந்து எனக்கு நித்திரை இல்லை.

மகள், கோவை கதையெல்லாம் சும்மா. பிழை என்னுடையது.

2009 இல் ஓமந்தைச் சோதனைச்சாவடியில் மருமகனுக்கு நடந்தது உனக்குத் தெரியும். பதினாறு வயதுப் பிள்ளையைத் தாயின் கையிலிருந்து வரிசையை விட்டுப் பிரித்து, ஒரு பள்ளிக்கூடத்தில் பதினெட்டு நாள் வைத்திருந்து, பிறகு மெனிக் பாம் முகாமில் தாயிடம் விட்டார்கள். சுன்னாகத்துக் கம்பியூட்டர் கடையில் நடந்ததுதான் உனக்குத் தெரியாது. படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது, எப்போதாவது தடுத்து வைக்கப்பட்டீர்களா என்று. 'ஆம் என்று போட்டு, நடந்ததை எழுதுவோம் மாமா' என்றார் அவர். நான்தான், 'பள்ளிக்கூடத்தில் வைத்ததெல்லாம் தடுப்பா, வன்னிக் கதையைக் கிளறினால் விசா கிடைக்காது, இல்லை என்று போடுங்கோ' என்றேன். அவர் என்னையே பார்த்தார். கடைக்காரப் பெடியன் மவுஸைப் பிடித்தபடி 'எதுக்கு அமத்த, ஐயா?' என்று கேட்டான். 'இல்லை' என்று பதில் சொன்னது நான். உன்னிடம் சொல்ல வேண்டாம், பயப்படுவாய் என்று அவரிடம் வாக்கும் வாங்கிவிட்டேன். இத்தனை மாதமும் அந்த மனிதன் உன்னிடம் அதை மறைத்தது என் சொல்லுக்காக. அவர் உன்னோடு சரியாய்க் கதைக்காததற்கு வேறு காரணம் தேடாதே.

பொய்த் தகவல் என்று பிடித்தால் ஐந்து வருடத்துக்கு உள்ளே வர முடியாதாம். இதைப் போன கிழமைதான் அறிந்தேன். எழுதத் தெரிந்தவன், படிவம் நிரப்பத் தெரிந்தவன் என்று ஊர் முழுக்க எனக்குப் பெயர். சொந்தப் பிள்ளையின் படிவத்தில் இப்படிச் செய்தேன்.

அதனால் வழக்குப் போடுமுன் லோயரிடம் இதைச் சொல்லு. தாங்களாகவே முதலில் திருத்தி அறிவிப்பதா, எப்படி அறிவிப்பது, அதற்குப் பிறகு வழக்கா என்று அவர் சொல்லட்டும். மாமா சொல்லித்தான் போட்டது என்று எழுத வேண்டுமென்றால் நான் சமாதான நீதவான் முன்னால் கையெழுத்து வைத்துத் தருகிறேன். என் மேல் கோபமென்றால் கோபப்படு, ஆனால் அவருக்கு இன்றைக்கே ஒரு கோல் எடு.

அவரை விட்டபோது கொடுத்த துண்டுக் கடதாசியைச் சம்பந்தி இன்னும் மைலோ பேணிக்குள் வைத்திருக்கிறா. கேட்டு வாங்கி வந்திருக்கிறேன். போனில் படம் எடுத்தேன், மடிப்பில் திகதி சரியாய் விழவில்லை. காலையில் முற்றத்து வெயிலில் வைத்து இன்னொரு தரம் எடுத்து அனுப்புகிறேன். அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை.

அப்பா