உடன் நின்ற அனைவருக்கும் நன்றி மடல்

மதிப்பிற்குரிய பெரியோர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

உடலியங்கியல் துறையில் என் ஆய்வுப் பணி இந்த மாதத்தோடு நிறைவடைகிறது. வயது ஏற ஏற உடல் எவ்வளவு ஆற்றலைச் செலவிடுகிறது, தசை ஏன் மெலிகிறது, அந்த மெலிவை எவ்வளவு தூரம் தடுக்கலாம் என்ற கேள்விகளோடுதான் என் பணிக்காலம் முழுவதும் கழிந்தது. வெளியான கட்டுரைகளில் என் பெயர் இருக்கிறது; அவற்றைச் சாத்தியமாக்கியவர்களில் பெரும்பாலோரின் பெயர் எங்கும் இல்லை. ஆய்வு நெறிமுறையின்படி பங்கேற்றவர்களின் பெயரை நான் வெளியிடக் கூடாது என்பதால், பெயர் சொல்லாமலே இந்த நன்றியைத் தெரிவிக்கிறேன்.

முதல் நன்றி, எங்கள் ஆய்வில் தாமாக முன்வந்து கலந்துகொண்ட முதியவர்களுக்கு. அடிப்படை வளர்சிதை மாற்றத்தை, அதாவது முழு ஓய்வில் உடல் ஆற்றலைச் செலவிடும் வேகத்தை, அளக்க 12 மணி நேரமாவது வெறும் வயிற்றோடு இருக்க வேண்டும். கஃபீன் அந்த வேகத்தைச் சற்றே உயர்த்திவிடும் என்பதால் காலைக் காப்பியும் கூடாது. எழுபது வயதைத் தாண்டியவர்களிடம் காப்பியை விடச் சொல்வது எவ்வளவு பெரிய வேண்டுகோள் என்பது நம் வீடுகளில் வளர்ந்த எவருக்கும் தெரியும். அவர்களோ முகம் சுளிக்காமல் விடியற்காலைப் பேருந்தைப் பிடித்து வந்தார்கள். தலையை மூடிய ஒளிபுகும் கவசத்துக்குள் பேசாமல், அசையாமல், உறங்கியும் விடாமல் படுத்திருந்தார்கள். அவர்கள் உள்ளிழுத்த ஆக்சிஜனையும் வெளிவிட்ட கரியமில வாயுவையும் கொண்டுதான் உடலின் ஆற்றல் செலவைக் கணக்கிட்டோம்.

அவர்களில் ஓர் அம்மா, கைப்பிடி வலுவை அளக்கும் கருவியை அழுத்திவிட்டு, "இது குறைஞ்சா எனக்கு என்னப்பா ஆகும்?" என்று கேட்டார். ஆசிய நாடுகளுக்கான 2019ஆம் ஆண்டு வரையறைப்படி பெண்களுக்கு 18 கிலோவுக்கும் ஆண்களுக்கு 28 கிலோவுக்கும் கீழே போனால் தசை வலு குறைவு என்று கொள்கிறோம். அதைச் சொல்லி, நாற்காலியிலிருந்து எழுவதும் படியேறுவதும் நாளடைவில் கடினமாகலாம் என்பதையும் விளக்கினேன். அன்றுமுதல் ஒவ்வொருவருக்கும் அவரவர் அளவுகளை அன்றே விளக்கிச் சொல்வது எங்கள் வழக்கமாயிற்று. அந்த அம்மாவுக்கு என் தனிப்பட்ட நன்றி.

இத்தகைய பொறுமைசாலிகள் இல்லையென்றால் இந்தத் துறையே இல்லை. 1990இல் பாஸ்டன் நகரில் தொண்ணூறு வயதையொட்டிய 10 பேர் எடைப் பயிற்சிக்கு இசைந்தார்கள். எட்டு வாரத்தில் அவர்களுடைய கால் தசைகளின் வலு இரண்டு மடங்குக்கும் மேலாயிற்று. 2021இல் 29 நாடுகளைச் சேர்ந்த 6,400க்கும் மேற்பட்டோரின் அளவுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, உடல் அளவைக் கணக்கில் கொண்டால் 20 வயது முதல் 60 வயது வரை ஆற்றல் செலவு ஏறக்குறைய மாறாமலே இருப்பதும், அதன் பிறகே படிப்படியாகக் குறைவதும் தெரியவந்தது. நாற்பது வயதுத் தொந்திக்கு வளர்சிதை மாற்றத்தின் மீது பழி போடும் நம் வழக்கத்தை இனியாவது கைவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஆய்வக உதவியாளருக்கு நான் பட்டிருக்கும் கடன் பெரியது. ஒவ்வொரு நாளும் முதல் ஆள் வருமுன்பே, கலவை அளவு தெரிந்த வாயுவைச் செலுத்திக் கருவியைச் சரிபார்த்து வைப்பார். ஆக்சிஜன் அளவில் சிறு பிழை நேர்ந்தாலும் அன்றைய கணக்கு முழுவதும் பிசகிவிடும். அவர் கையெழுத்திட்ட பதிவேட்டை நான் ஒருபோதும் ஐயுற நேர்ந்ததில்லை.

உணவைக் குறைத்தால் எலிகள் கூடுதல் காலம் வாழ்வதை 1935இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் மெக்கே குழுவினர் காட்டினார்கள். அந்த வழியில் எங்கள் தொடக்க கால ஆய்வுகள் நடந்தபோது, எலிக்கூடத்தைப் பார்த்துக்கொண்ட அண்ணன், வைத்த தீவனத்தை மட்டுமல்லாமல், கூண்டின் அடியில் சிந்திய துகள்களையும் பொறுக்கி எடுத்து நிறுத்து எழுதினார். பொங்கலன்றும் அந்த ஏட்டில் அவர் கையெழுத்து இருக்கிறது. எலி உண்மையில் எவ்வளவு தின்றது என்பது அந்தச் சிந்திய துகளைக் கழித்தால்தானே தெரியும்!

எண்களைச் சராசரியாக்குமுன் ஒவ்வொன்றையும் கண்ணால் பார்க்கப் பழக்கிய என் ஆசிரியருக்கும், என்னோடு வாதாடத் தயங்காத மாணவர்களுக்கும், அதிகாலை வேலைகளைப் பொறுத்துக்கொண்ட குடும்பத்தாருக்கும் நன்றி.

மூலப் பதிவேடுகள் அனைத்தும் துறையிலேயே பாதுகாப்பாக இருக்கும். இளைய ஆய்வாளர்கள் பணியைத் தொடர்கிறார்கள். பங்கேற்றவர்கள் தங்கள் பழைய அளவுகளைக் கேட்டுப் பெறலாம். மறு அளவீட்டுக்கு அழைப்பு வந்தால், உடல்நிலை இடங்கொடுக்குமானால், அந்த இளைய ஆய்வாளர்களுக்கும் இதே ஒத்துழைப்பை நல்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

மனம் நிறைந்த நன்றியுடன்,
பணி நிறைவு பெறும் உடலியங்கியல் பேராசிரியர்